அரக்குச் சாயம் ஏற்றிய நாளில் நீல விரல்கள்

"புண்ணு ஆறினதும் ‘போதும், நிறுத்து’ன்னு யாரு சொல்றது டீச்சர்?"

நீ இதைக் கேட்டது சென்னை போகும் பேருந்தில். ஜன்னல் சரியாக மூடவில்லை. மார்கழிக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். முப்பத்து மூன்று ஆண்டுகள் உயிரியல் நடத்தியவள் நான். காயம் ஆறுவது எப்படி என்று பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவார்கள்: இரத்தம் உறையும், செல்கள் வந்து சேரும், நார் உருவாகும், தோல் மூடும். ‘மூடும்’ என்பதோடு விடை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வேலையை நிறுத்தச் சொல்வது யார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்ட நீ கேட்டாய்.

இன்று என் விரல்களில் நீலம் இருக்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. பேனாவைப் பிடித்திருக்கும் கையிலிருந்து உன் வீட்டு வாசனை வருகிறது. புளித்த அமில வாடையும் ஈரப் பட்டின் வாடையும் கலந்த வாசனை. காலையில் உன் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடு. உன் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. உன் கணவரும் அவருடைய அண்ணனும் செம்புத் தொட்டியின் இரு பக்கமும் நின்று, கோலில் மாட்டிய பட்டு நூல் கழிகளைக் கொதிக்கும் சாயத்தில் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். நிறம் ஏறியதும் கழிகள் உன்னிடம் வரும். அலசும் தொட்டி உன்னுடையது. கல்யாணமாகிப் பிறந்த ஊரான முசரவாக்கத்திலிருந்து வந்த மறுவாரமே அந்தத் தொட்டியில் கை வைத்ததாகச் சொல்வாய். ஆண்களுக்கு வெந்நீர், உனக்குப் பச்சைத் தண்ணீர். சாயக்காரர் வீட்டில் யாருடைய கையும் அதனதன் நிறத்தில் இருக்காது. நேற்று மஞ்சள், இன்று பச்சை, நாளை அரக்கு. யாரும் யாருடைய விரலையும் உற்றுப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அன்றைய புடவையின் நிறம் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மார்கழிக் காலை உனக்கு நினைவிருக்கிறதா? பால் பாக்கெட் வாங்கி வந்த என்னை நிறுத்தி, கொல்லையில் காய்த்த எலுமிச்சம் பழங்களை என் பையில் போட்டாய். உன் விரல்கள் நகக்கண் வரை நீலமாக இருந்தன.

"இன்னைக்கு நீலமா? யாரு வீட்டுக் கல்யாணத்துக்கு?" என்றேன்.

"இல்ல டீச்சர், இன்னிக்கு அரக்கு. ஒரே அரக்கா போட்டுக்கினு இருக்கிறோம்" என்றாய்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் எலுமிச்சம் பழத்தோடு வீட்டுக்கு வந்து சாதம் வைத்தேன்.

கருஞ்சிவப்பான அரக்குச் சாயம் போடும் நாளில் விரல் எப்படி நீலமாகும்? விடை என் முன்னால் நின்று, தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கினால் விரல் வெளுக்கும், நீலமாகும், சூடு கிடைத்ததும் சிவக்கும் என்று படித்தவள் நான். எனக்கு அது உறைக்கவில்லை. உன் வீட்டாருக்கும் உறைக்கவில்லை. நெசவாளி வீட்டிலோ ஆசிரியர் வீட்டிலோ நீ இருந்திருந்தால் அந்த வாரமே யாராவது பதறியிருப்பார்கள். நிறங்களுக்கு நடுவில் இருந்ததால், உன் உடம்பு காட்டிய நிறம் நான்கு மார்கழிகள் யார் கண்ணிலும் படவில்லை.

பிறகுதான் மற்றவை வந்தன. விரல்கள் வீங்கி மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. வீக்கம் போனதும் தோல் இறுகிக்கொண்டது. உள்ளங்கை மூட மறுத்தது. விரல் நுனியில் சின்னச் சின்னப் புண்கள்; ஆறிய பின்னும் அந்த இடம் இறுகிக்கொண்டே போனது. முகத்தில் சுருக்கம் போய் நீ பத்து வயது குறைந்தவள்போலத் தெரிந்தாய். "டீச்சர், நான் க்ரீம் எதுவும் போடல, ஆனா பாருங்க எப்டி மின்னுறேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாய். வாய் முழுதாகத் திறக்கவில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சென்னை மருத்துவமனையில் நோயின் பெயர் சொன்னார்கள். சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ். உடம்பின் காவல் படையே சொந்த உடம்பின்மேல் திரும்புகிறது. சின்ன இரத்தக் குழாய்கள் அடிபடுகின்றன. அடிபட்ட இடத்தைச் செப்பனிட வரும் செல்கள் கொலாஜன் என்ற நாரை நெய்யத் தொடங்குகின்றன, பிறகு நிறுத்துவதில்லை. தோலில், உணவுக் குழாயில், நுரையீரலில் நெய்துகொண்டே போகின்றன. போகும்போது நீ கேட்ட கேள்விக்கு, திரும்பும்போது அதே பேருந்தில் இப்படித்தான் பதில் சொல்ல முயன்றேன். எனக்குத்தான் எடுத்துக்காட்டு இல்லாமல் பேச வராதே!

"நெசவாளி ஒரு புடவை முடிஞ்சதும் நிறுத்துவான் இல்லையா? இவன் நிறுத்தத் தெரியாத நெசவாளி" என்றேன்.

நீ தலையாட்டி மறுத்தாய். "தப்பு டீச்சர். நெசவாளி நல்லவன்னு நிறுத்தறது இல்ல. பாவு தீந்துடுது, நிறுத்துறான். இங்க யாரோ பாவு குடுத்துக்கினே இருக்கிறாங்க. அது யாருன்னு கேளுங்க."

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் இழை. அது தீர்ந்தால் தறி நிற்கும். வீட்டுக்கு வந்து நான் தேடித் தேடிப் படித்தேன். உலகத்தில் பல ஆய்வுக் கூடங்களில் கேட்டுக்கொண்டிருப்பது உன் கேள்விதான். செல்லுக்கு ‘நெய்’ என்று சொல்லும் வேதிச் செய்திகள் இருக்கின்றன. வழக்கமான காயத்தில் அவை அடங்கிவிடும், நெய்த செல்லும் தானாகச் செத்துப்போகும். இந்த நோயில் செய்தியும் ஓயவில்லை, செல்லும் சாகவில்லை. இன்னொன்றும் படித்தேன்: நார் சேர்ந்து திசு விறைப்பானால், அந்த விறைப்பையே செல்கள் உணர்ந்து மேலும் நெய்கின்றன. உன்னிடம் சொன்னபோது, "அதான் பாவு. அதுவே நெய்ஞ்சி அதுவே பாவு குடுத்துக்குது" என்றாய். நான் மூன்று வாரம் படித்ததை நீ ஒரு வரியில் முடித்தாய்.

உன் கணவரின் அண்ணனுக்கு வேறு கவலை. உன் விரல்கள் மடங்கத் தொடங்கியதும், பட்டு கொடுக்க வருபவர்கள் தொழுநோய் என்று நினைப்பார்கள் என்றார். "பட்டறை பக்கம் வராதம்மா. உள்ளயே இரு. யாராச்சும் கேட்டா ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லிக்கலாம்." அவர் கெட்டவர் இல்லை. இரண்டு குடும்பம் அந்தத் தொட்டியை நம்பி இருந்தது. உன் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முன்னால் அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. நீதான் பேசினாய்.

"தொழுநோயா இருந்தா மட்டும் இன்னா மாமா? அவங்க மனுஷங்க இல்லியா? அதுக்காச்சும் மாத்திரை இருக்குது, போயிடுது. எனக்கு வந்தது ஒட்டாது, ஆனா போவாது. நான் எங்கயும் ஊருக்குப் போவல. இங்கதான் இருக்கிறேன்."

மறுநாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்தாய். வந்தவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டினாய். ஒரு ஜரிகை வியாபாரி பாய் மட்டும் பயப்படாமல் உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஒரு ஜோடி கம்பளிக் கையுறை வாங்கி வந்து கொடுத்தார். "சிவப்பா கெடைக்கலியா பாய்?" என்று அவரையும் வம்புக்கு இழுத்தாய்.

ஆய்வுக்குத் தோல் கேட்ட நாள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. மருத்துவமனையில் இந்த நோயைப் பற்றி ஆராயும் ஓர் இளம் டாக்டரம்மா, முன்கையிலிருந்து ஒரு மிளகளவு தோல் தர முடியுமா என்று கேட்டார். "இதனால் உங்களுக்கு நேரடியாகப் பலன் கிடைக்காது. தெரிந்துகொண்டு சம்மதித்தால் போதும்" என்று ஒளிக்காமல் சொன்னார். அன்று உடன் வந்திருந்த உன் கணவரின் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இருக்கிற தோலு போதாதா? பலனே இல்லன்னு அவங்களே சொல்றாங்க. இன்னாத்துக்கும்மா?"

"அலசுற தண்ணில ஒரு கழியில சாயம் ஒழுவுதுன்னா, நீங்க இன்னா பண்ணுவீங்க மாமா? ஒரு இழையக் கிள்ளி எடுத்துப் பார்ப்பீங்க. அந்த இழைக்கு இன்னா பலன்? மீதி கழிக்குத்தான் பலன்" என்றாய்.

அவர் உட்கார்ந்துவிட்டார். உன் விரலைப் பார்த்த நர்ஸ், கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். நீ அதைத் திருப்பி நகர்த்தினாய். "கைநாட்டு வெக்க மாட்டேன். பேனா குடு." பேனாவை இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உன் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு எழுதினாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீ அவசரப்படவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். உன் தோலை உனக்குக் காட்ட வேண்டும். டாக்டரம்மா சொன்ன சொல் தவறவில்லை. சில வாரம் கழித்து நுண்ணோக்கி முன்னால் உன்னை உட்கார வைத்தார். நீ குனிந்து பார்த்தாய். ரொம்ப நேரம் நிமிரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அடப் பாவிங்களா, இங்கயும் சாயமா!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். திசுவைப் பிரித்துப் பார்க்கச் சாயம் ஏற்றுவார்கள், ஒரு வகைச் சாயத்தில் கொலாஜன் மட்டும் நீலமாகும் என்று விளக்கினார். நானும் பார்த்தேன். மேலே மெல்லியதாகச் சிவப்பு. அதற்குக் கீழே கடைசி வரைக்கும் நீலம், தடித்த நீலம், சந்து விடாத நீலம்.

"சாயம் நல்லாப் பிடிச்சிருக்குது. திட்டு இல்ல, ஒழுவல. எத்தினி தரம் முக்கினீங்க?" என்று தொழில்காரியாக விசாரித்தாய். அவர் பதில் சொன்னார். நீ விட்டால்தானே! "நாங்க சாயம் போடறதுக்கு முன்னாடி பச்சைப் பட்டை சோடா போட்டு வேகவெச்சிப் பசையை எடுத்திடுவோம். அப்பறம்தான் அது மெத்துனு ஆவும். இந்த நீலத்தை அப்டி எடுக்க முடியாதா?"

"அதைத்தான் தேடுகிறோம் அம்மா. மேலும் சேராமல் மெதுவாக்க மருந்துகள் வந்திருக்கின்றன. சேர்ந்ததை இறக்குவதற்கு இன்னும் உறுதியான வழி கிடைக்கவில்லை."

"தேடுங்க. பட்டு செத்தது, வேகவெக்கலாம். நான் உசுரோட இருக்கிறவ. அதான் உங்களுக்குக் கஷ்டம், தெரியுது."

வெளியே வந்ததும் மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடி அந்த அரக்கு நாளைப் பற்றி நான் உன்னிடம் சொன்னேன். படித்தவள் நான், பார்த்தும் விட்டுவிட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். நீ கேட்கவிடவில்லை.

"அழுது இன்னா ஆவப்போவுது? ஒண்ணு பண்ணுங்க. சாயத்தை அக்குள்ள வெச்சா போவாது. குளிருல வர்ற இந்த நீலம் போவும். நான் பஸ்ஸுல வர்றப்பல்லாம் பாக்குறேன், ஐநூறு எண்ணுறதுக்குள்ள செவந்துடுது. இதைக் கொட்டை எழுத்துல எழுதி ஒவ்வொரு பட்டறையிலயும் ஒட்டுங்க. டாக்டருங்களுக்கு மிஷினு இருக்குது. நம்ம ஜனத்துக்கு அக்குளு இருக்குது."

அன்றிரவே எழுதினேன். ‘ஒரு டீ குடிக்கும் நேரம் கைகளை அக்குளில் வையுங்கள்’ என்று முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும், "கை அக்குள்ள இருந்தா டீயை யாரு டீச்சர் குடிக்கிறது?" என்றாய். ஐநூறு எண்ணச் சொல்லித் திருத்தினேன்.

நுரையீரல் இறுகத் தொடங்கிய பிறகு உன் பேச்சு சுருங்கியது. மூச்சை இழுக்கும்போது முதுகில் காதை வைத்தால் உலர்ந்த சருகு மிதிபடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மாத்திரை அதை மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடும் நீ பட்டறை வாசல் நாற்காலியை விடவில்லை. எல்லாருக்கும் நீ சொன்னது ஒன்றுதான்: கையைக் காட்டு. இத்தனை வருடத்தில் நான் உன்னை ‘நீ’ என்றேன், நீ என்னை ‘நீங்க’ என்றாய்; எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசி வாரம் ஒரு நாள் மட்டும், என் கண்ணைப் பார்த்துவிட்டு, "நீ அழாத. நீ ஒட்டு" என்றாய்.

ஒட்டினேன். உன் வீட்டுப் பட்டறையில் மூன்று முறை. மூன்று முறையும் உன் கணவரின் அண்ணன் கிழித்தார். "சாயத்தாலதான் வந்ததுன்னு ஊரு பேசும் டீச்சர். எங்க பொழப்பு என்ன ஆவும்?" என்றார். சாயத்தால் வந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. எதனால் வருகிறது என்பதே இன்னும் முழுதாகத் தெரியாது. விரல் நீலமாகிறவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் இல்லை, பலருக்கு அது வெறும் குளிர்தான் என்றும் சொன்னேன். சீக்கிரம் காட்டினால் நுரையீரலைக் கவனித்துக்கொண்டே வரலாம் என்றும் சொன்னேன். அவர் காகிதத்தைக் கசக்கி அடுப்பில் போட்டார்.

போன வாரம் அந்த டாக்டரம்மா தொலைபேசியில் பேசினார். உன் தோலிலிருந்து எடுத்த செல்களை வளர்த்து உறைய வைத்திருக்கிறார்களாம். அவற்றில் சிலவற்றை எடுத்துப் புதிய மருந்துப் பொருள்களைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். வெற்றி என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று சொன்னார். காயமே இல்லாத கண்ணாடித் தட்டில் போட்டாலும் உன் செல்கள் பிடிவாதமாக நாரை நெய்கின்றனவாம். யார் வீட்டுச் செல் என்று எனக்குத் தெரியாதா? நீ போய் இரண்டு மார்கழி ஆகிறது. உன்னில் ஒரு மிளகளவு இன்னும் அவர்களை விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் மட்டும் ஒரு காகிதம் கிழிந்ததற்காக வீட்டில் உட்கார்ந்திருப்பேனா?

இன்று காலை நான்காவது காகிதத்தோடு போனேன். உன் கணவர் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு சின்னக் குவளையில் நீலச் சாயத்தைக் கரைத்து, கெட்டியாக்கி, ஒரு தூரிகையோடு என் கையில் கொடுத்தார். உன் நாற்காலி கிடந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைக் காட்டினார்.

பாதி எழுதும்போது அண்ணன் வந்துவிட்டார். "டீச்சர்! இன்னா பண்றீங்க? செவுத்துல எழுதினா எப்டிப் போவும்?"

"போகாது. உங்க வீட்டுச் சாயம் போகவே போகாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்லுவீங்க?" என்றேன்.

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். உன் கணவர் தலை குனியவில்லை. "அந்தச் செவுரு என் பங்குண்ணே. எழுதட்டும். அவ அரக்கு அலசிக்கினு இருந்தா. கை நீலமா இருந்துது. நானும்தான் பாத்தேன்" என்றார்.

 அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சுண்ணாம்பு அடித்து மறைக்கவும் மறைக்கலாம். மறைத்தால் அதன்மேல் மறுபடி எழுதுவேன். கரும்பலகையில் அழித்து அழித்து எழுதிப் பழகிய கை இது.

உன் ‘போதும்’ கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. அது வரும் வரை நானும் போதும் என்று சொல்வதாக இல்லை. சுவரில் இருப்பதை இங்கேயும் எழுதுகிறேன். இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் அது சேர்ந்ததுதான்:

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்து எழுந்ததும் விரல் வெள்ளையாகவோ நீலமாகவோ இருந்தால், இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து ஐநூறு எண்ணுங்கள். நீலம் வலியில்லாமல் அப்படியே இருந்தால் அது சாயம். போய்விட்டால் அது உடம்பு. டாக்டரிடம் கையைக் காட்டுங்கள்.